பாதுகாப்பற்றது எந்த போன்? எங்கள் வங்கியின் செயலிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மொபைல் செயலிப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாத அப்டேட்டுக்குப் பிறகு என் பிக்சல் போனில் உங்கள் செயலி திறப்பதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும், அதில் ஓடுவது கிராஃபீன் ஓஎஸ், ஆண்ட்ராய்டை வைத்துப் பாதுகாப்புக்கென்றே செய்த தனி இயங்குதளம்.

சனிக்கிழமை சாயங்காலம் டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு மருந்துக்கடையில் அம்மாவின் இன்சுலினுக்கு நிற்கிறேன். கார்டு வீட்டில். க்யூஆரை ஸ்கேன் செய்யலாம் என்று செயலியைத் தட்டினால் 'இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல' என்று ஒரே வரி, அப்புறம் தானாகவே மூடிக்கொண்டது. பின்னால் ஏழெட்டுப் பேர். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒன்றும் சொல்லவில்லை, மருந்துப் பையை மட்டும் மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். கடைசியில் எழுபத்தெட்டு வயது அப்பா பக்கத்து வீட்டுப் பையனின் காரில் வந்து தன் போனில் கட்டினார். அந்த போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வந்து நாலு வருஷம் ஆகிறது. அதில் உங்கள் செயலி ஜம்மென்று ஓடுகிறது!

நான் போனை ரூட் செய்யவில்லை, அதாவது இயங்குதளத்தின் தடைகளை உடைத்து முழு அதிகாரம் எடுக்கவில்லை. இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடரை, கிராஃபீனைப் போட்டபின் திரும்பப் பூட்டிவிட்டேன், ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் இயங்குதளத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று போனே சரிபார்க்கிறது. ஆனால் நீங்கள் நம்புவது பிளே இன்டெக்ரிட்டியை, அதாவது போனை நம்பலாமா என்று செயலிகளுக்குச் சொல்லும் கூகுளின் சோதனையை. கூகுள் சான்று தராத இயங்குதளம் என்றால் அது எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் தேறாது. எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று போனின் வன்பொருளே சான்று தரும் ஹார்ட்வேர் அட்டஸ்டேஷன் ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறதே, அதன் வழியாகச் சோதியுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதற்கு வேண்டிய சாவி விவரங்களைக் கிராஃபீன்காரர்கள் தங்கள் தளத்தில் பொதுவிலேயே வைத்திருக்கிறார்கள்.

கிளையில் கேட்டதற்கு, "வேற போன் வாங்கிடுங்க அங்கிள்" என்றார் அந்தத் தம்பி. அவர் தலைக்கு மேலே சட்டம் போட்ட அறிவிப்பு, போப்பியா என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் தகவலைக் காக்கிறோம் என்று. 2021 ஜூலையிலிருந்து அந்தச் சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது, சந்தோஷம். என் தகவலை நானே காத்துக்கொள்ளப் போனால்தான் வாசலிலேயே நிறுத்துகிறீர்கள். மாதக் கட்டணம் பிடிக்கும்போது மட்டும் என்ன போன் வைத்திருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பணம் அனுப்ப என் போனில் இருக்கும் பெரியம்மா நம்பர் வரை உங்கள் செயலிக்கு எதற்கு, அதையும் ஒருநாள் சொல்லுங்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அட்டஸ்டேஷன் சோதனையைச் சேர்த்து எங்கள் போன்களை உள்ளே விடுங்கள். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள். அடுத்த இன்சுலின் 28ஆம் தேதி வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர், சாட்ஸ்வர்த், டர்பன்