கார்டில் இன்னொரு கோடும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், "எச்.ஐ.வி.யில் ஒன்று, இரண்டு என்று பிரிப்பதெல்லாம் ஆராய்ச்சியாளர் பாடு, நோயாளிக்கு மாத்திரை ஒன்றுதான்" என்று போட்டிருந்தீர்கள். தங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

எச்.ஐ.வி-1, எச்.ஐ.வி-2 இரண்டும் வெவ்வேறு வைரஸ். இரண்டையும் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை கார்டில், சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் கன்ட்ரோல் கோட்டை அடுத்து எச்.ஐ.வி-1க்கு ஒரு கோடு, எச்.ஐ.வி-2க்கு ஒரு கோடு. இரண்டும் விழுந்தால் இரண்டு தொற்றும் இருக்கலாம். ஒன்றுக்கான எதிர்ப்புப்பொருள் மிகுந்து மற்றதன் கோட்டிலும் ஒட்டியிருக்கலாம். குறித்த நிமிடம் தாண்டிப் படித்தாலும் மங்கலாக ஒரு கோடு தலைகாட்டும். அதனால்தான் நம்பிக்கை மையம் எனப்படும் அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் மறுபடி ரத்தம் எடுத்து மேல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே எதிர்ப்புப்பொருளைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், எச்.ஐ.வி-2க்கே உரிய ஜிபி36 பட்டையைத் தேடுவார்கள். பி24 என்ற பட்டையை நம்பிப் பயனில்லை, அது இரண்டு வைரஸுக்கும் சிரிக்கும்.

வேலையற்றுப்போய் இதைச் செய்யவில்லை. எஃபாவிரென்ஸ், நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் எச்.ஐ.வி-2ஐத் தொடவே தொடாது. இரண்டையும் அடக்கும் டொலுடெக்ராவிர் மாத்திரை வந்து அந்தச் சிக்கல் குறைந்தது உண்மை. கட்டுரையாளர் அத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார் போலும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டொலுடெக்ராவிரின் அளவு ரத்தத்தில் இறங்கும். 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மி.கி. கொடுக்க வேண்டும். எச்.ஐ.வி-1 மட்டும் உள்ளவரை எஃபாவிரென்சுக்கு மாற்றிச் சமாளிக்கலாம். இரட்டைத் தொற்றுக்காரருக்கு அந்தக் கதவு கிடையாது. மருந்து மாற்றும்போது அட்டசனாவிர் என்ற மருந்தும் எச்.ஐ.வி-2இடம் சோப்ளாங்கிதான், அதே வகையில் லோபினாவிர் அல்லது டாருனாவிர் வேண்டும். தாய்க்கு எச்.ஐ.வி-2 இருந்தால் பிறந்த குழந்தைக்கு நெவிரபின் சிரப் ஊற்றிப் பலனில்லை, சிடோவுடின்தான்.

எல்லாவற்றையும்விட மோசம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற கணக்கு. வழக்கமாகச் செய்யும் பரிசோதனை எச்.ஐ.வி-1ஐ மட்டுமே எண்ணும். ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று வரும். நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 எண்ணிக்கை மட்டும் 450, 300, 180 என்று இறங்கிக்கொண்டே போகும். காகிதத்தைப் பார்த்து "நன்றாக இருக்கிறீர்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். இதற்குப் பெயர் ஆராய்ச்சியாளர் பாடா?

தங்கள் பத்திரிகைக்கு இது புதிதுமல்ல. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று மும்பையில் தெரியவந்ததாக முன்பு எழுதினீர்கள். 1986இல் நுண்ணுயிரியலாளர் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சென்னையில் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்த ரத்தத்தில்தான் அது தெரிந்தது. அதற்கு நான் அனுப்பிய கடிதம் தங்கள் குப்பைக்கூடைக்கு அணி செய்திருக்கும். 'மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்ற கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் 'எய்ட்ஸ் வேரோடு போகும்' லேகிய விளம்பரம் போட்ட பெருந்தன்மையையும் மறக்கவில்லை. படம் போட்டால் எலும்புக்கூடு. இன்னும் எத்தனை வருஷத்துக்கோ!

கேட்பது கொஞ்சம்தான். அதே பக்கத்தில், குறுக்கெழுத்துப் போட்டிக்கு அடியில் அல்ல, நான்கு வரித் திருத்தம். எச்.ஐ.வி. மாத்திரை தரும் கூட்டு மருந்து மையத்தில் கொடுத்த நோட்டில் 1, 2, இரண்டும் என்பதில் எது எழுதியிருக்கிறது என்று வாசகர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எழுதியில்லையென்றால் அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
திருச்சி.