சிறுகுடல் படம்: ஒரு திருத்தமும் ஒரு வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், சிறுகுடலை அவ்வப்போது கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தும் கட்டுரை ஒன்று வெளிவந்திருந்தது. மருத்துவக் கல்லூரி ஒன்றின் திசு ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் நுட்பநராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். கட்டுரையைப் படிக்கத் தொடங்கும் முன்பே அதனுடன் அச்சாகியிருந்த நுண்ணோக்கிப் படம் என் கண்ணை உறுத்தியது. 'சிறுகுடலின் உட்சுவர்' என்று படத்தின் கீழ் எழுதியிருந்தது. படத்தில் இருந்ததோ பெருங்குடல்.

இதை நான் சிறு பிழையாகக் கருத முடியாததற்குக் காரணம் உண்டு. பெருங்குடலின் உட்சுவர் மேற்பரப்பில் சமதளமாக இருக்கும். அதிலிருந்து நேராகக் கீழிறங்கும் குழாய்ச் சுரப்பிகள், ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களைத் தாங்கியில் அடுக்கி வைத்ததைப் போல நெருங்கி நிற்கும். கோழை சுரக்கும் கோப்பை வடிவச் செல்கள் அவற்றில் வெள்ளை வெள்ளையாக நிறைந்திருக்கும். தாங்கள் வெளியிட்ட படத்தில் இருந்தது அப்படியே இதுதான். சிறுகுடலில் முதலில் கண்ணில் படுவது குடலுறிஞ்சிகள். அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை உயரமுள்ள அந்த மெல்லிய நீட்சிகள், ஒரு சதுர மில்லிமீட்டரில் 20 முதல் 40 வரை, குடலின் உள்வெளியை நோக்கி எழுந்து நிற்கும். அவை இல்லாத சிறுகுடலை மருத்துவர்கள் நோயுற்ற சிறுகுடல் என்றுதான் சொல்வார்கள். ஆகவே, அந்தப் படத்தைக் காட்டி 'இதுதான் சிறுகுடல்' என்று சொல்வது, வழுக்கைத் தலையைக் காட்டி 'முடி இப்படித்தான் வளரும்' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

படத்தைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது கட்டுரையின் மையக் கருத்து. பல ஆண்டுக் கழிவு சிறுகுடல் சுவரில் அடை அடையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும், பேதி மருந்து கொடுத்து அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. கறிக்கடையில் ஆட்டுக் குடல் வாங்கி, புரட்டிப் போட்டு, மஞ்சளும் சுடுநீரும் விட்டுச் சுரண்டிக் கழுவிய எவருக்கும், நம் வயிற்றிலும் இப்படித்தான் அழுக்கு அப்பிக் கிடக்கும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அப்படிச் சுரண்டும்போது வழவழவென்று கையோடு வருவது ஒட்டிக்கிடந்த அழுக்கு மட்டுமன்று. கோழையும், இறந்து கழன்ற உட்சுவரின் செல்களுமே அதில் மிகுதி. உயிர் போன பிறகு உடலில் மிக விரைவாகச் சிதையும் திசுக்களில் குடலின் உட்சுவரும் ஒன்று. எங்கள் கூடத்திற்கு வரும் குடல் துணுக்கை எடுத்த நொடியிலேயே, திசுவைச் சிதையாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போட்டிருக்க வேண்டும். சற்றுத் தாமதமானாலும் உறிஞ்சிகளின் நுனியிலுள்ள செல்கள் படலமாகக் கழன்றுவிடும். பிறகு எத்தனை நன்றாகச் சாயமேற்றினாலும் பயனில்லை.

உயிரோடிருக்கும் குடலில் நடப்பது வேறு. ஓர் உறிஞ்சியை நுனி முதல் அடி வரை நீளவாக்கில் சரியாக வெட்டி, ஹிமடாக்சிலின், இயோசின் ஆகிய சாயங்களை ஏற்றிப் பார்த்தால், வெளி விளிம்பில் உயரமான செல்கள் ஒற்றை வரிசையில் நிற்பதைக் காணலாம். அவற்றின் உட்கருக்கள் நீலமாக, செல்லின் அடிப்பக்கம் ஒதுங்கி இருக்கும். ஒவ்வொரு செல்லின் தலையிலும் பட்டுச் சேலையின் கரை போல ஒரு மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு ஓடும். சாதாரண நுண்ணோக்கியில் வெறும் கோடாகத் தெரியும் அது, எலக்ட்ரான் நுண்ணோக்கியில், செல் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் அடர்ந்து நிற்கும் நுண்ணுறிஞ்சிகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, உயரம்தான். சர்க்கரையையும் புரதத் துணுக்குகளையும் கடைசியாக உடைக்கும் நொதிகள் பதிந்திருப்பது இங்கேதான். இந்தச் செல் வரிசைக்கு உள்ளே இரத்த நுண்குழாய்களும், கொழுப்பை ஏந்திச் செல்லும் நிணநீர்க் குழல் ஒன்றும் இருக்கின்றன. 1622-ல் இத்தாலியின் காஸ்பரே அசெல்லி, தீனி தின்றிருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது பால் நிறத்தில் கண்ட இழைகள், இத்தகைய நிணநீர்க் குழல்கள் சேர்ந்து வெளியேறும் பாதைகளே.

உறிஞ்சிகளின் அடியில், சுவருக்குள் இறங்கும் சிறு பள்ளங்கள் உள்ளன. 1745-ல் அவற்றை விரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லீபர்க்கூன் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. பள்ளத்தின் அடித்தளத்தில், செந்நிறத் துகள்கள் நிறைந்த பானெத் செல்கள் கிருமிகளைக் கொல்லும் புரதங்களைச் சுரந்துகொண்டிருக்கும். அவற்றின் இடையிடையே ஒடுங்கி நிற்பவை, புதிய செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்கள் (ஸ்டெம் செல்கள்). இவற்றை 2007-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் ஐயமறக் காட்டினர். மூலச் செல்கள் இடைவிடாமல் பிரிகின்றன. பிறக்கும் புதிய செல்கள் பள்ளத்திலிருந்து மேலேறி, உறிஞ்சியின் பக்கவாட்டில் வேலை பார்த்துக்கொண்டே நகர்ந்து, நுனியை எட்டியதும் கழன்று குடலுக்குள் விழுந்துவிடுகின்றன. இந்தப் பயணம் முழுவதும் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. சென்ற ஞாயிறு தங்கள் கட்டுரையைப் படித்த வாசகர் ஒருவரின் சிறுகுடலில் அன்று உணவை உறிஞ்சிக்கொண்டிருந்த செல்களில் அநேகமாக ஒன்றுகூட இன்று அங்கே இல்லை. ஒட்டிக்கொள்ளும் சுவரே வாரத்துக்கு வாரம் உதிர்ந்து புதிதாகும்போது, பல ஆண்டுக் கழிவு அதில் எப்படித் தங்கும்?

பேதி மருந்தை அளவறிந்து கொடுத்த நம் முன்னோர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. மலச்சிக்கலுக்கு அது உதவும் என்பதில் ஐயமில்லை. விளக்கெண்ணெய் குடலுக்குள் உடைந்து உண்டாகும் ரிசினோலெயிக் அமிலம் குடல் தசையைச் சுருங்கத் தூண்டுகிறது. பேதி அதனால்தான் ஆகிறது. அதற்குச் சுவரைத் தேய்த்துக் கழுவும் ஆற்றல் எதுவும் கிடையாது.

எங்கள் குடும்பத்தில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். என் தங்கையின் பேரன், ஒன்றரை வயதுக் குழந்தை, வயிற்றுப்போக்கில் விழுந்தான். குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு நாள் தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள், உள்ளே தங்கியிருக்கும் அழுக்கு வெளியேறட்டும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயையும் புகட்டினார்கள். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கண்கள் குழிவிழுந்திருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் யாரும் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். குடலின் உட்சுவர் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

சிறு குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ், உறிஞ்சிகளின் மேற்பகுதியிலுள்ள முதிர்ந்த செல்களையே தாக்கி அழிக்கிறது. 1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் அதைக் கண்டுபிடித்ததும், நோயுற்ற குழந்தைகளின் முன்சிறுகுடல் துணுக்குகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத்தான். மேலுள்ள செல்கள் அழிந்தாலும் பள்ளத்திலுள்ள மூலச் செல்கள் பிழைத்திருக்கும். அவை விரைந்து பிரிந்து சில நாட்களில் உறிஞ்சியை மீட்டுக் கட்டிவிடும். அப்படிக் கட்டுவதற்குத் தேவை உணவு. உட்சுவரின் செல்கள் தமக்கு வேண்டியதில் பெரும்பங்கைக் குடல் வழியே செல்லும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. பட்டினி போட்டால் உறிஞ்சிகள் மேலும் குட்டையாகின்றன. ஓய்வு என்று நாம் நினைப்பது குடலுக்குப் பட்டினியாகவே முடிகிறது. வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், வழக்கமான உணவைக் கொடுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

உப்பு சர்க்கரைக் கரைசலும் இந்தச் செல்களை நம்பியே வேலை செய்கிறது. உறிஞ்சியின் செல்லில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தால் மட்டுமே திறக்கும் ஒரு வாயில் இருக்கிறது. அவ்விரண்டும் உள்ளே நுழையும்போது நீரும் பின்தொடர்கிறது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் முன்வைத்த இந்த விளக்கமும், 1971-ல் வங்க தேச அகதிகள் நிறைந்திருந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனோபிஸ் அக்கரைசலைப் பெருமளவில் கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காத்ததும் தனித்தனியே நடந்தவை எனினும், இரண்டும் சந்திக்கும் இடம் நுண்ணுறிஞ்சிகளின் அந்த இளஞ்சிவப்புக் கோடுதான்.

சிறுகுடலின் பரப்பளவு ஒரு டென்னிஸ் மைதானத்துக்குச் சமம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். பழைய பாடநூல்களில் அப்படித்தான் இருந்தது. நானும் மாணவர்களுக்கு அப்படியே சொன்னவன். 2014-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹெலாண்டர், ஃபேன்ட்ரிக்ஸ் ஆகியோர் கவனமாக அளந்து, அது ஏறத்தாழ 30 சதுர மீட்டர் என்று காட்டினர். அதாவது சுமார் 320 சதுர அடி. ஒரு சிறு வீட்டின் தரையளவு பரப்பு ஒரு மனித வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது என்பதே போதிய வியப்பு, மிகைப்படுத்தத் தேவையில்லை.

இந்தத் துறையில் நம் மாநிலத்துக்கு உள்ள பங்கையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் உணவு உடலில் ஒட்டாமல் போகும் 'ஸ்புரூ' என்னும் நோய் கொள்ளைநோய் போலப் பரவியபோது, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் உடன் பணியாற்றியோரும் அதை விரிவாக ஆராய்ந்தனர். நோயாளிகள் ஒரு சிறு உலோகக் குப்பியை விழுங்குவார்கள்; குடலை அடைந்ததும் அது ஊசிமுனையளவு திசுவைக் கடித்தெடுக்கும். நோயில்லாத நம் ஊர் மக்களின் உறிஞ்சிகளே மேலைநாட்டாருடையதைவிடக் குட்டையாகவும், விரல் வடிவின்றி இலை வடிவிலும் இருப்பதை அத்தகைய துணுக்குகள் காட்டின. இந்த வேறுபாட்டுக்கு மாசுபட்ட நீரும் ஓயாத கிருமித் தொற்றும் காரணமாகக் கருதப்படுகின்றன. சிறுகுடலின் உட்சுவரைக் காக்க வேண்டும் என்று எழுத விரும்பும் எவரும் முதலில் எழுத வேண்டியது குடிநீரைப் பற்றியும், கைகழுவுவதைப் பற்றியும், குழந்தைகளுக்கான ரோட்டா வைரஸ் தடுப்புச் சொட்டு மருந்தைப் பற்றியும்தான்.

ஆகவே, வரும் ஞாயிறு இதழில் அதே பக்கத்தில், அதே அளவில், சரியான சிறுகுடல் படத்தை வெளியிட்டு, முந்தைய படம் பெருங்குடலுடையது என்று ஒரு வரி குறிப்பிடுமாறு வேண்டுகிறேன். படம் தேர்ந்தெடுக்கும்போது உறிஞ்சிகள் நுனி முதல் அடி வரை முழு நீளத்தில் தெரிகின்றனவா என்று பாருங்கள். சாய்வாக வெட்டப்பட்ட துணுக்கில் நல்ல குடலும் நோயுற்றது போலத் தோன்றும். உறிஞ்சியின் உயரம் அடியிலுள்ள பள்ளத்தின் ஆழத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இருந்தால் அதை நம்பி அச்சிடலாம். வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்குப் பேதி மருந்து கொடுக்கக் கூடாது என்ற குறிப்பையும் படத்தின் கீழேயே சேர்த்துவிடுங்கள். கட்டுரையை வெட்டி எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் வீடுகள் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசு ஆய்வுக்கூட நுட்பநர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.