மின்கம்பத்தின் நிழலில் நிற்கிறோம்: எங்கள் ஊர் நகராட்சிக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய சாலை, பூங்காப் பிரிவு அலுவலர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய மொழியில் இரண்டு முறை எழுதிவிட்டேன். "உங்கள் கருத்தைக் கவனத்தில் கொள்கிறோம்" என்று இரண்டு முறையும் ஒரே வரி, மிகுந்த பணிவோடு வந்தது. பதினொரு வருடமாக ஜப்பானில் இருப்பவனுக்கு அதன் பொருள் தெரியாதா? அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன், நம் ஆட்களாவது படிக்கட்டும்.

ஸ்டேஷன் சாலையில் நிழல் தரும் கெயாகி மரங்களின் கிளைகளை ஜூலைக் கடைசியில் வெட்டிக் கழித்தீர்களே, அதைப் பற்றித்தான். கழித்த பிறகு வரிசையாக உலக்கை நட்டது போல இருந்தது.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் ஏழு பேர், ஒருவர் பின் ஒருவராக, மின்கம்பத்தின் நிழலுக்குள் நின்றார்கள். இரண்டு சாண் அகலம் இருக்குமா அந்த நிழல்? அது நகர நகர வரிசையும் சத்தமில்லாமல் நகர்ந்தது. கடைசியில் நின்ற பாட்டிக்கு நிழல் எட்டவில்லை. என் இடத்துக்கு வாருங்கள் என்றால், மூன்று முறை குனிந்து வேண்டாம் என்றுவிட்டு வெயிலிலேயே நின்றார். அவர் போய்க்கொண்டிருந்தது நூலகத்துக்கு. 2024-இல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, கடும் வெயிலுக்கு மக்கள் ஒதுங்கும் "குளிர் புகலிடம்" என்று நீங்கள் ஸ்டிக்கர் ஒட்டிய அதே நூலகம்தான். புகலிடம் தயார், போகிற வழியில்தான் நிழல் இல்லை.

உங்கள் கஷ்டமும் புரிகிறது. இலை விழுந்தால் கூட்ட ஆளில்லை என்று புகார் வரும், கிளை மின்கம்பியில் படும், ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கப் பணம் போதாது, அதனால் சில ஆண்டுக்கு ஒருமுறை மொட்டையடித்து விடுகிறீர்கள். ஆனால் பெரிய வெட்டுக்காயம் ஆறாமல் உள்ளே அழுகும், அதன் மேல் முளைக்கும் கிளைக்குப் பிடிமானம் இருக்காது, பிறகு "ஆபத்தான மரம்" என்று அடியோடு வெட்டுவீர்கள். கோடையில் மொட்டையடிக்காதீர்கள். கேட்பது அவ்வளவுதான்.

போன நவம்பரில் கனசாவா நகரத்துக்குப் போயிருந்தேன். கென்ரோகுஎன் தோட்டத்தில் ஒவ்வொரு நவம்பர் 1-ஆம் தேதியும் யுகிட்சுரி என்ற, மரங்களுக்குக் கயிறு கட்டும் வேலை தொடங்கும். ஈரமான கனத்த பனியில் கிளை முறியக்கூடாது என்று, கராசாகி என்ற ஒரே ஒரு பைன் மரத்துக்கு ஐந்து கம்பம் நட்டு, உச்சியிலிருந்து ஏறக்குறைய 800 கயிறு இறக்கி, கிளை கிளையாகத் தூக்கிக் கட்டுகிறார்கள். நிவாஷி என்னும் தோட்டக் கைவினைஞர்கள் மேலே ஏறிக் கயிற்றை வீச, கீழே கூட்டம் வாய்பிளந்து பார்க்கிறது. நானும்தான் பார்த்தேன். செண்டாயும் இதே நாடுதானே? 1945-இல் குண்டுவீச்சில் எரிந்த அந்த நகரம், பிறகு நட்ட கெயாகி வரிசையால்தான் இன்று பேர் வாங்குகிறது. நம் சுற்றுலாக் கையேட்டிலும் "பசுமையும் கைவினையும் சேர்ந்த நகரம்" என்று அட்டையிலேயே போட்டிருக்கிறீர்கள். சுற்றுலாப் பயணி படமெடுக்கும் மரத்துக்குக் கயிறு, பாட்டி பஸ்ஸுக்கு நிற்கும் மரத்துக்கு ரம்பம். சபாஷ்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். பள்ளிக்கூடத்துப் பின்புறம் இன்னும் தொடாத கிங்கோ மரங்கள் இருக்கின்றன. அக்டோபரில் அவற்றின் முறை என்று பலகை வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து இலை மஞ்சளாகி உதிரும்வரை பொறுங்கள், அதற்குப் பிறகும் மொட்டையடிக்க வேண்டாம், மரம் தெரிந்த ஒரு நிவாஷியைக் கேட்டு அளவாகக் கழியுங்கள். இலை கூட்டத்தான் ஆளில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை நான் வருகிறேன். துடைப்பம் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஸ்டேஷன் சாலைவாசி ஒருவன்