கடாரத்தோடு நின்றுவிட வேண்டாம், லோபு துவாவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் கடந்த தமிழர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் எது வந்தாலும் விடாமல் படிக்கிறவன் நான். பெரும்பாலும் எல்லாக் கட்டுரைகளும் 1025இல் ராஜேந்திரனின் கப்பல் படையில் தொடங்கி, கடாரத்தை வென்றதோடு முடிந்துவிடுகின்றன. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் சுமத்ராவின் மேற்குக் கரையில், ராஜேந்திரனின் வெற்றிகளைப் புகழும் மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களின் பட்டியலிலேயே இல்லாத ஒரு கிராமத்தில், படை போகாமல் வணிகர்கள் மட்டும் போய் உட்கார்ந்து, தமிழில் ஒரு கல்லை நட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த ஊரின் பெயர் லோபு துவா. அதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஊர் இருப்பது வடக்கு சுமத்ரா மாகாணத்தில், தப்பனுலி தெங்கா மாவட்டத்தில், பாருஸ் என்ற சிறு கடலோர ஊருக்குப் பக்கத்தில். மேடானிலிருந்து தோபா ஏரியைத் தாண்டி, தாருதுங் வழியாக சிபோல்கா துறைமுகத்துக்கு இறங்க வேண்டும். அந்த இறக்கம் முழுக்க வளைவுகள்தான், நடுவில் டச்சுக்காரர்கள் காலத்தில் பாறையைக் குடைந்த பாதைகளும் உண்டு. சிபோல்காவிலிருந்து கடலை ஒட்டி வடமேற்கே போனால் பாருஸ். ஒரு பக்கம் புக்கிட் பாரிசான் மலைத்தொடர், மறு பக்கம் இந்தியப் பெருங்கடல், இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வயல், தென்னை, ரப்பர், எண்ணெய்ப்பனை, அவ்வளவுதான் நிலம்.

லோபு துவாவில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கண்ணுக்கு நேராக அதிகம் ஒன்றும் இல்லை. கோபுரம் கிடையாது, மண்டபம் கிடையாது, கல்வெட்டுகூட இப்போது அங்கே இல்லை. 1873இல் கண்டெடுக்கப்பட்ட அந்த உடைந்த கற்றூண் ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால் மண்ணுக்கு அடியில் இருந்தது வேறு கதை. 1990களில் பிரெஞ்சு ஆய்வாளர் குளோட் கியோ தலைமையில் பிரெஞ்சு, இந்தோனேசிய அறிஞர்கள் சேர்ந்து அங்கே தோண்டினார்கள். சீனப் பீங்கான் துண்டுகள், மேற்காசியக் கண்ணாடி, தென்னிந்திய மண்பாண்டங்கள், மணிகள் என்று குவியல் குவியலாகக் கிடைத்தன. 9ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் 250 ஆண்டுகள் பெரிய துறைமுகமாக இருந்து, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டென்று ஆள் இல்லாமல் போயிருக்கிறது. உள்ளூர் வரலாற்று ஏடுகள் இதற்குக் காரணம் கெர்காசி என்ற அரக்கர்கள் வந்து தாக்கியது என்கின்றன. யார் அந்தக் கெர்காசி என்பது இன்னும் தெளிவாகவில்லை.

சரி, கல்லில் என்ன எழுதியிருக்கிறது? சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088, மாசி மாதம். இங்கே முதலாம் குலோத்துங்கனின் ஆட்சி. வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் அதைப் பற்றி எழுதினார், பிறகு கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு மறுபடி நுணுக்கமாகப் படித்தார். திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வாரோசு என்னும் இந்தப் பட்டினத்தில் (பாருஸைத்தான் கல் அப்படிச் சொல்கிறது) கூடி ஒரு முடிவு எடுத்ததைக் கல் சொல்கிறது. கப்பல் தலைவனும் மாலுமிகளும் கஸ்தூரியின் விலைக்கு ஏற்ப ஒரு கட்டணத்தைப் பொன்னாகக் கட்ட வேண்டும், கட்டிய பிறகுதான் விரித்த துணியில் கால் வைத்து உள்ளே வரலாம். எனக்கு இந்த ஒரு வரி போதும், ஒரு நாள் முழுக்க யோசிப்பதற்கு. அலைகடலில் மாதக்கணக்கில் வந்த கப்பல், கரையில் விரித்த துணி, அதற்குப் பக்கத்தில் தராசோடு உட்கார்ந்திருக்கும் ஆள், அந்த விதியைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். போர் வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டுகளில் இப்படி ஒரு அன்றாடக் காட்சி கிடைப்பது அபூர்வம்.

இவ்வளவு தூரம் எதற்காக வந்தார்கள்? முக்கியமாகக் கற்பூரத்துக்காக. இன்று நாம் கொளுத்தும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. பாருஸ் கற்பூரம் 50, 60 மீட்டர் உயரம் வளரும் ஒரு காட்டு மரத்தின் வயிற்றுக்குள், மரத்தின் வெடிப்புகளில் தானாகப் படிகமாக உறைந்திருப்பது. வெளியே பார்த்தால் தெரியாது. மரத்தை வெட்டிச் சாய்த்து, துண்டு போட்டு, ஆப்பு அடித்துப் பிளந்து பார்க்க வேண்டும், பல மரங்களில் ஒன்றுமே இருக்காது. அதனால் காட்டுக்குள் போகிறவர்களுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடுகள் இருந்தன, சாப்பாட்டில் விலக்கு, பேச்சில் விலக்கு, காட்டில் இருக்கும்வரை சில சொற்களை வாயால் சொல்லாமல் வேறு சொற்களைப் பயன்படுத்துவது என்று. மார்க்கோ போலோ இந்தக் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்றதாகச் சொல்கிறார். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் கொடுக்கும் கற்பூர வகைகளில் வாரோசும் ஒன்று. வெட்டி வெட்டித்தான் எடுக்க முடியும் என்பதால் அந்த மரம் இன்று அருகிவிட்டது, இதையும் நம் கட்டுரைகள் சொல்ல வேண்டும். வாங்கியவர்களில் நாமும் இருந்தோம் அல்லவா.

பாருஸின் பின்பக்க மலைகளில், பக்காத், டோலோக் சாங்குல் பக்கம், இன்றைக்கும் பாத்தாக் விவசாயிகள் சாம்பிராணி எடுக்கிறார்கள். மரப்பட்டையில் சிறு கீறல் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, கசிந்து இறுகிய பிசினைச் சுரண்டி எடுப்பது அவர்கள் வேலை. ஒரு நிருபர் போனால் முதலில் அவர்களைத்தான் பார்க்க வேண்டும் என்பேன், ஆயிரம் ஆண்டு வியாபாரத்தில் உயிரோடு மிச்சம் இருக்கும் பகுதி அதுதான்.

ஒரு வேண்டுகோள். "தமிழன் ஆண்ட ஊர்" என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். அங்கே தமிழர்கள் தங்கினார்கள், வியாபாரம் செய்தார்கள், ஆண்டதற்கு அந்தக் கல்லில் சான்று இல்லை. அங்கே இருப்பவர்கள் தோபா பாத்தாக், பக்பாக் மக்கள், அப்புறம் மினாங்கபாவுக்கு நெருக்கமான பேச்சு பேசும் பசிசிர் என்ற கடலோர மக்கள். பாருஸில் பிற்காலத்தில் மேல்புறத்துக்கு ஒன்று, கீழ்ப்புறத்துக்கு ஒன்று என இரண்டு அரச குடும்பங்கள் ஒரே நேரத்தில் இருந்தன, இதுவே தனிக் கட்டுரைக்கு ஆகும். பப்பான் திங்கி என்ற குன்றின் உச்சியில், நூற்றுக்கணக்கான படிகள் ஏறிப் போனால், நீளமான ஒரு பழைய முஸ்லிம் கல்லறை இருக்கிறது, யாத்திரிகர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சூஃபி கவிஞர் ஹம்சா ஃபன்சூரியின் பெயரில் உள்ள ஃபன்சூர் இந்த பாருஸ்தான். 2017 மார்ச்சில் அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோ நேரில் வந்து, இந்தோனேசியத் தீவுகளில் இஸ்லாம் தொடங்கிய இடம் என்று அங்கே ஒரு நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார். இப்படி ஆளுக்கு ஒரு கதையோடு அந்த ஊரைச் சொந்தம் கொண்டாட வருகிறார்கள், நாமும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை. எகிப்திய மம்மிகளுக்கு பாருஸ் கற்பூரம் போனதாகச் சொல்லும் கதையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். லோபு துவாவில் தோண்டியவர்களுக்கு 9ஆம் நூற்றாண்டுக்கு முந்தையது எதுவும் கிடைக்கவில்லை.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. 2025 நவம்பர் கடைசியில் இங்கே நாம் டிட்வா புயலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், சென்யார் புயல் சுமத்ரா தீவின் வடபகுதியில் இறங்கி, வெள்ளமும் நிலச்சரிவுமாக சிபோல்காவையும் தப்பனுலி தெங்கா மாவட்டத்தையும் உருக்குலைத்தது. சாலைகள் துண்டிக்கப்பட்டன, பலர் இறந்தார்கள். நான் படித்த தமிழ்ச் செய்திகளில் அது "சுமத்ராவில் வெள்ளம்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துபோனது. நம் கல்வெட்டு கிடைத்த மாவட்டம் அது என்று ஒரு வரி சேர்த்திருந்தால்கூடப் படித்தவர்கள் கொஞ்சம் நின்று பார்த்திருப்பார்கள்.

ஆகவே, முடிந்தால் கல்வெட்டின் வாசகத்தை சுப்பராயலுவின் படிப்போடு முழுதாக வெளியிடுங்கள், ஜகார்த்தாவில் இருக்கும் கல்லின் தெளிவான படத்தையும் போடுங்கள். வாய்ப்பு இருந்தால் ஒரு நிருபரை அனுப்புங்கள், அந்த ஊர்க்காரர்களின் பேச்சும் அதில் வரட்டும், வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்