புது வாட்ச்சில் குறை தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வாட்ச் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது, அதற்குள் ஏழு குறை எழுதி அனுப்பிவிட்டாய். ஒரு நாளைக்கு ஐந்து நொடி வேகமாக ஓடுகிறது. பெசலின் (டயலைச் சுற்றியிருக்கும், திருப்பக்கூடிய வளையத்தின்) முக்கோணம் பன்னிரண்டுக்கு நேராக இல்லை. நிமிட முள் கோட்டில் நிற்காமல் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கிறது. தேதி ஜன்னலில் எண் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. நான்கு மணிக் குறிக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு தூசு. செயின் பூட்டில் கீறல். கையை ஆட்டினால் உள்ளே ஏதோ சுற்றுகிற சத்தம். ஆறு லட்சம் கொடுத்த பொருளில் ஏழு குறை என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் ஏழையும் ஒரே தராசில் போட்டுவிட்டாய். ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேள்: இதைச் சரிசெய்யப் பின்மூடியைத் திறக்க வேண்டுமா? தொழிற்சாலையில் தூசில்லாத அறையில் மூடி, அழுத்தச் சோதனை செய்து அனுப்பிய பெட்டி அது. ஒருமுறை திறந்தால் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட்டை மாற்ற வேண்டும், திருகின் தலையில் தடம் விழலாம், ஒரு தூசை எடுக்கப் போய் இரண்டு தூசு உள்ளே போகலாம். திறக்காமல் தீரும் குறை என்றால் தாராளமாகக் கடைக்குப் போ. திறந்தால்தான் தீரும் என்றால், அந்தக் குறை அவ்வளவுக்குத் தகுதியானதா என்று முதலில் அளந்து பார்.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன், நீ அதிகம் புலம்பியிருப்பது அதைப் பற்றித்தான். ஒரு நாளில் 86,400 நொடி. மணிக்கு 28,800 துடிப்பு என்று உன் கையேட்டில் போட்டிருக்கும். அப்படியென்றால் நொடிக்கு 8 துடிப்பு, நாளுக்கு 6,91,200. ஐந்து நொடிப் பிழை என்பது 0.006 சதவீதம்கூட இல்லை. சுவிட்சர்லாந்தின் கோஸ்க் அமைப்பு, கூட்டில் பொருத்தாத இயந்திரத்தை 15 நாள், 5 நிலைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறது. சராசரி நாளுக்கு −4 முதல் +6 நொடிக்குள் இருந்தால் க்ரோனோமீட்டர், அதாவது துல்லியக் கடிகாரம் என்ற சான்று கிடைக்கும். கூட்டில் பொருத்திய பிறகு ரோலெக்ஸ் ±2 என்கிறது. ஒமேகாவின் மாஸ்டர் க்ரோனோமீட்டருக்கு 0 முதல் +5. உன் டயலில் வெறும் க்ரோனோமீட்டர் என்று மட்டும் இருக்கிறது, ஆகவே +5 உள்ளே வந்துவிடும். இதைச் சொல்லி சர்வீஸ் சென்டருக்குப் போனால், மூன்று வாரம் வைத்திருந்து 'அளவுக்குள் இருக்கிறது' என்று ஒரு சீட்டோடு திருப்பித் தருவார்கள். (ஓசூரில் செய்த இரண்டாயிரம் ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் இதைவிடச் சரியாக மணி காட்டும். அதில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இதில் ஒரு சின்னச் சக்கரம் முன்னும் பின்னும் ஆடுகிறது, அவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்குத்தான் நீ காசு கொடுத்திருக்கிறாய்.)

உண்மையில் நீ பார்க்க வேண்டியது ஐந்து என்ற எண்ணை இல்லை, அது நாளுக்கு நாள் மாறுகிறதா என்பதை. தினமும் +5, +5, +6, +4 என்று போனால் அது நல்ல ஆரோக்கியமான வாட்ச். வாரண்டி முடிவதற்குள் ஒருநாள் சின்னத் திருப்பில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். ஒருநாள் +1, மறுநாள் +9, அடுத்த நாள் −6 என்றால்தான் உள்ளே ஏதோ கோளாறு. சராசரியைப் பார்த்தால் இரண்டாவது வாட்ச்தான் நல்லதாகத் தெரியும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அளக்கும் முறை இது. காலை ஒரே நேரத்தில், ஏழு மணி என்று வைத்துக்கொள், போனில் நொடியோடு காட்டும் கடிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வை. நொடி முள் பன்னிரண்டைத் தாண்டும்போது போனில் என்ன நொடி என்று பார்த்து எழுது. சரியாக வைக்கிறேன் என்று நடுவில் முள்ளைத் திருப்பாதே. பத்து நாள் எழுது. முதல் மூன்று இரவு டயல் மேலே பார்க்கும்படி படுக்க வை, அடுத்த மூன்று இரவு கிரவுன் (பக்கவாட்டில் இருக்கும் சாவிக் குமிழ்) மேலே இருக்கும்படி நிறுத்தி வை, அடுத்த மூன்று இரவு கிரவுன் கீழே. படுத்திருக்கும்போது பேலன்ஸ் வீலின், அதாவது முன்னும் பின்னும் ஆடும் அந்தச் சின்னச் சக்கரத்தின், ஊசி முனை மட்டும் கல்லில் உட்கார்ந்து சுழலும். நிற்கும்போது ஊசியின் பக்கமே கல்லில் உரசும், வீச்சு (சக்கரம் ஆடும் அளவு) குறையும், வேகம் மாறும். பகலில் கூடும் நொடியை எந்த நிலை இரவில் திருப்பித் தருகிறது என்று தெரிந்துவிட்டால், திருகாணியைத் தொடாமலே +5ஐ +1க்குக் கொண்டுவந்துவிடலாம்.

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்காரும் கைக்கு, கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்ச் முழுசாகச் சாவி ஏறாது. ஸ்பிரிங் தளர்ந்தால் வீச்சு குறையும், கணக்கு குழம்பும். சோதனை தொடங்கும் முன் கிரவுனை 40 சுற்று சுற்றிவிடு. ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங் வழுக்கிக்கொடுக்கும், அறுந்துவிடுமோ என்று பயப்படாதே.

திடீரென்று நாளுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வேகம் எடுத்தால் அது வேறு கதை. காந்தம் ஏறியிருக்கும். பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளம் குறைந்தது போல ஆகிவிடும். ஸ்பீக்கர், டேப்லெட் மூடி, போன் உறையில் இருக்கும் காந்த வளையம், கைப்பையின் பூட்டு, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். காந்தம் எடுக்கும் கருவியில் ஒரு நிமிட வேலை, பின்மூடியைத் தொடவே வேண்டாம். இதற்குப் போய் 'முழு சர்வீஸ்' என்று பில் போட்டால் ஒத்துக்கொள்ளாதே. சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் உள்ள வாட்ச்சுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது.

அடுத்தது பெசல். இது உன் பட்டியலிலேயே நியாயமான புகாராக இருக்கக்கூடும். முதலில் உன் கண்ணைச் சந்தேகி. பெசல் டயலைவிட மேலே நிற்கிறது, தலை கொஞ்சம் சாய்ந்தாலும் முக்கோணம் நகர்ந்தது போலத் தெரியும். போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்த படத்தை நம்பாதே, கிட்டத்தில் லென்ஸ் வளைத்துக் காட்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து, நேர்மேலிருந்து படம் எடு. பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் ஒரு கோடு இழுத்துப் பார். 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெசலில் ஒரு டிகிரி என்பது 0.33 மில்லிமீட்டர். சாதாரணக் கண்ணுக்கே பட்டுவிடும்.

அடுத்து, பெசலை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் லேசாக அசை. 120 கிளிக் பெசலில் ஒரு கிளிக் 3 டிகிரி. அசைவிலேயே முக்கோணம் நேருக்கு வந்துவிட்டால் அது பாகங்களுக்கு நடுவில் இருக்கும் சின்னத் தளர்ச்சி, இருக்கத்தான் செய்யும். அசைத்தும் வராமல், ஒரு கிளிக்கில் இடப்பக்கம், அடுத்த கிளிக்கில் வலப்பக்கம் என்று நின்றால் வளையம் சரியாகப் பதிக்கப்படவில்லை. இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் பின்மூடியைத் திறக்க வேண்டியதில்லை, பெசல் மேலிருந்தே கழலும். ஆகவே இதற்குப் போ. கௌண்டரில் 'பெசல் சரியில்லை' என்று சொல்லாதே. 'முக்கோணம் பூஜ்யத்தில் வலப்பக்கம் ஒரு டிகிரி விலகி நிற்கிறது, கிளிக் மாற்றினாலும் நேராகவில்லை' என்று சொல், படத்தைக் காட்டு, ஜாப் கார்டில் அப்படியே எழுதச் சொல்.

நிமிட முள்ளுக்குக் கடையே தேவையில்லை. நொடி முள் பன்னிரண்டில் வரும்போது கிரவுனை இழுத்து நிறுத்து. நிமிட முள்ளை வேண்டிய கோட்டுக்கு மூன்று நான்கு நிமிடம் முன்னால் கொண்டுபோய், பிறகு மெல்லப் பின்னால் கொண்டுவந்து கோட்டின் மேல் நிறுத்தி கிரவுனை அழுத்து. பல்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் தளர்ச்சி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். அப்படியும் அழுத்தும்போது முள் துள்ளினால், பின்னாலிருந்து முன்னால் வந்து நிறுத்திப் பார். உன் இயந்திரத்துக்கு எது ஒத்துவருகிறது என்பது இரண்டு மூன்று தடவையில் கைக்குப் பிடிபடும். நொடி முள் கோட்டில் விழவில்லை என்ற கவலை குவார்ட்ஸுக்குத்தான். நொடிக்கு எட்டு அடி வைக்கும் முள் எந்தக் கோட்டிலும் நிற்பதில்லை.

முள் பொருத்தியதே தவறா என்று பார்க்க ஆறு மணிக்கு வை. மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மணி முள் நிமிடத்துக்கு அரை டிகிரிதான் நகரும், ஆகவே இரண்டு டிகிரி சாய்வு இருந்தால் நான்கு நிமிடம் தப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது திறக்க வேண்டிய வேலை. இரண்டு டிகிரிக்குள் என்றால் நான் தொடமாட்டேன்.

தேதியும் அப்படியே. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை நகர்த்திப் பார், ஆனால் இரவு 9 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் வேண்டாம், அப்போது தேதிச் சக்கரத்தின் பல் பிடித்திருக்கும், உடையலாம். எல்லா எண்ணும் ஒரே அளவு கீழே என்றால் தட்டு உட்கார்ந்த இடம் அது. டயலைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, திரும்பப் பொருத்த வேண்டும். ஒரு மயிரிழைக்காக அதைச் செய்யச் சொல்லாதே. நள்ளிரவு 12 தாண்டிப் பத்து நிமிடத்தில் தேதி மாறினாலும் பரவாயில்லை.

தூசு. நீ பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறாய். அந்த லென்ஸில் எந்த டயலும் அழகாக இருக்காது, எழுத்தின் ஓரம்கூடப் பிசிறாகத் தெரியும். லென்ஸை வைத்துவிட்டுக் கை நீட்டும் தூரத்தில் பார். தெரியவில்லை என்றால் விடு. தெரிந்தால், வாரம் ஒரு படம் என்று ஒரே வெளிச்சத்தில் நான்கு படம் எடு. தூசு அதே இடத்தில் இருந்தால் அது ஒட்டியது, அதனால் ஆபத்தில்லை. இடம் மாறினால் அது உதிரி. நாளைக்கு முள்ளுக்கு அடியிலோ சக்கரத்திலோ போய் மாட்டி வாட்ச்சை நிறுத்தலாம். அப்போது திறக்கத்தான் வேண்டும், அங்கீகாரம் பெற்ற சென்டரில் மட்டும், திரும்ப வரும்போது நீர்ச்சோதனை செய்ததற்கான சீட்டோடு.

கையை ஆட்டினால் கேட்கும் சத்தம், சாவி ஏற்றுவதற்காக உள்ளே சுழலும் எடைத்தகடான ரோட்டரின் சத்தம். சில இயந்திரங்களில் அது ஒரு பக்கம் மட்டும் சாவி ஏற்றும், மறுபக்கம் சும்மா சுழலும். 7750 என்ற எண் கொண்ட இயந்திர வகையில் கையிலேயே அந்த ஆட்டம் தெரியும். விர்ரென்று சுழன்றால் சரி. உலோகத்தில் உலோகம் உரசும் கரகரப்பு கேட்டால் மட்டும் காட்டு.

கீறலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்றில் வரும் மணல் துகளே எஃகைவிடக் கடினமானது, லேப்டாப்பில் உரசும் பூட்டு எத்தனை நாள் தாங்கும்? கண்ணாடி நீலக்கல், அதில் கீறல் போலத் தெரிவது பெரும்பாலும் மேல்பூச்சு தேய்ந்ததுதான். பாலிஷ் துணியை மட்டும் வாங்காதே, கோடு போட்ட மேற்பரப்பை அது பளபளப்பாக்கிக் கெடுத்துவிடும். எப்போது சர்வீஸுக்குக் கொடுத்தாலும் 'பாலிஷ் வேண்டாம்' என்று சீட்டில் எழுதி வாங்கு. சொல்லாமல் விட்டால் கூட்டின் கூர்மையான ஓரங்களை மழுக்கிக் கொடுப்பார்கள், போன எஃகு திரும்பி வராது.

இவ்வளவு எழுதிய நீ, எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கிரவுன் முழுசாக இறுகுகிறதா என்று பார்த்தாயா? ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு வந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆவி படரும், துடைத்தால் போய்விடும். உள்பக்கம் படர்ந்தால் அன்றைக்கே கொண்டுபோ, வாரக் கடைசிவரை தள்ளிப்போடாதே. ஈரம் நின்ற இடத்தில் முள்ளும் திருகும் துருப்பிடிக்கத் தொடங்கும். சென்டரில் சோதிக்கும் வழி இதுதான்: வாட்ச்சை 40 முதல் 45 டிகிரிச் சூட்டுத் தட்டில் வைத்து, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைப்பார்கள். உள்ளே ஆவி நின்றால் கேஸ்கட் போய்விட்டது. இதை வீட்டில் தோசைக்கல்லில் செய்து பார்க்காதே.

வாரண்டி அட்டையின் தேதியையும் வாட்ச்சில் பொறித்த எண்ணையும் இன்றைக்கே ஒப்பிட்டு, இரண்டையும் படம் எடுத்து வை. பெசலுக்குச் சனிக்கிழமை போய்விடு. செயினிலிருந்து கழற்றிய கண்ணிகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போ, வேறு வாட்ச்சாக மாற்றித்தர இசைந்தால் அவை இல்லாமல் பேச்சே நடக்காது. நேரத்துக்கு நாளை காலை ஏழு மணிக்குத் தொடங்கு. பத்து எண்ணும் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்