தம்பியின் கால் பிழைத்தது: உதவியவர்களுக்கு நன்றி

தாராவி 90 அடி சாலையில் அன்று மழையோடு ஓடிவந்த எல்லோருக்கும் வணக்கம். பைக்கோடு டெம்போவில் மோதி விழுந்த என் தம்பி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறான்.

டீக்கடை அண்ணாச்சி, முதல் நன்றி உங்களுக்குத்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றதாம். ஒருவர் மஞ்சள்தூளோடு வர, இன்னொருவர் காலை இழுத்து நேராக்கப் பார்க்க, இரண்டு பேரையும் அதட்டி நிறுத்தியிருக்கிறீர்கள். துவைத்த வேட்டியைக் கிழித்து, எலும்பைத் தொடாமல் ரத்தம் வந்த இடத்தை மட்டும் அழுத்திப் பிடித்தீர்கள். எலும்பை உள்ளே தள்ளியிருந்தால் ரோட்டுச் சேறும் கூடவே போயிருக்கும் என்றார் டாக்டர். அட்டைப்பெட்டியை மடித்துக் காலுக்கு அணை கட்டிய பையனுக்கும், 108-ஐ அழைத்த அக்காவுக்கும் நன்றி. போலீசுக்குப் பயந்து ஒதுங்கியவர்கள்மேல் கோபமில்லை. ஆனால் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவசரப் பிரிவில் இருந்த அந்த இளம் டாக்டர். காயத்தை ஒரே ஒரு முறை போட்டோ எடுத்துவிட்டு, சலைனில் நனைத்த துணியால் மூடினார். பிறகு யார் கட்டைப் பிரிக்க வந்தாலும் போட்டோவைத்தான் காட்டினார். திறக்கத் திறக்கக் கிருமி ஏறுமாம். எக்ஸ்ரேவுக்கு முன்பே ஆன்டிபயாடிக்கும் டிடி ஊசியும் போட்ட சிஸ்டருக்கும் நன்றி. ஆன்டிபயாடிக்கில் ஒரு மணி நேரத் தாமதம்கூடப் பெரிது என்கிறார்கள்.

காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று அம்மா அழுதபோது, பெரிய டாக்டர் காயம் எவ்வளவு மோசம் என்று தாளில் மதிப்பெண் போட்டுக் காட்டினார். நம்ம கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை வகுத்த கணக்காம் அது. மும்பையில் அந்தப் பெயரைக் கேட்டதே பாதித் தெம்பு. 14 வரை காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், 17-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கஷ்டம். தம்பிக்கு 11.

லிட்டர் கணக்கில் சலைன் ஊற்றிக் கழுவி, செத்த சதையை வெட்டியெடுத்து, வெளியே கம்பிச் சட்டம் மாட்டினார்கள். கெண்டைக்கால் சதையைத் திருப்பி எலும்பை மூடிய பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டருக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும் நன்றி.

எலும்பு இன்னும் முழுசாகக் கூடவில்லை. அதனால் தம்பியின் சிநேகிதர்களே, பார்க்க வரும்போது சிகரெட் மட்டும் கொண்டுவராதீர்கள். புகை பிடித்தால் எலும்பு கூடத் தாமதமாகுமாம். பழம் போதும்.

இப்படிக்கு,
அவன் அக்கா