என் வருமானம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்

வருமானவரிச் சட்டத்தையும் அதற்கான படிவங்களையும் எழுதுகிறவர்களுக்கு, எந்த நாட்டில் உட்கார்ந்து எழுதினாலும் சரி, வணக்கம்.

வரியே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் யார் வாயைத் திறந்தாலும் ஏய்க்கப் பார்க்கிறான் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். பணத்தைக் கட்டும்போது வலிக்காது என்று பொய் சொல்லமாட்டேன், வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் அது ஒரு நாள் வலி. அந்தப் பணம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க நான் படும் பாடுதான் வாரக்கணக்கில் நீள்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சேமிப்புக் கணக்கில் விழுந்த வட்டியைக் குறிப்பிட மறந்துவிட்டேன். சின்னத் தொகை, அந்தக் கணக்கு இருப்பதே எனக்கு ஞாபகம் இல்லை. மாதங்கள் கழித்து நோட்டீஸ் வந்தது. பயந்துகொண்டே திறந்து பார்த்தால், வங்கியின் பெயர், கணக்கு எண், வட்டித் தொகை என எல்லாம் கடைசிக் காசு வரை அச்சடித்தது போல இருக்கிறது. எவ்வளவு அபராதம் கட்டினேன் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை, ஆனால் அன்று எழுந்த கேள்வி மட்டும் போகவில்லை. இது உங்களுக்கு முன்பே தெரியும் என்றால், படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்து ஏன் என்னிடம் நீட்டினீர்கள்?

சம்பளம் கொடுப்பவர் உங்களிடம் சொல்லிவிடுகிறார். வங்கி சொல்லிவிடுகிறது. பங்கை விற்றால் தரகர் சொல்லிவிடுகிறார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு நானும் அதே எண்களைத் தேடி எடுத்து, கூட்டி, தப்பில்லாமல் தட்டி அனுப்ப வேண்டும், நீங்கள் அதை உங்களிடம் இருப்பதோடு ஒத்துப்பார்த்து, இடறினால் பிடிக்க வேண்டும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். இங்கே வெண்ணெய் உங்கள் கையில், அலைவது நான்.

கணினி இல்லாத காலத்துப் பழக்கம், மாற நாளாகும் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. பிரிட்டனில் 1799-ல் பிரதமர் வில்லியம் பிட் போர்ச் செலவுக்காக வருமானவரியைக் கொண்டுவந்தபோது, மொத்த வருமானத்தையும் அவரவரே சொல்லட்டும் என்று விட்டார். வசூலானது அவர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. 1803-ல் அவருக்கு அடுத்து வந்த பிரதமர் ஆடிங்டன் அதே வரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, வாடகை, வட்டி போன்றவற்றில் பணம் கைமாறும் இடத்திலேயே பிடித்துக்கொள்ளும் முறையைச் சேர்த்தார். விகிதத்தை 10 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தும் ஏறக்குறைய அதே பணம் வந்தது. ஆக, சம்பந்தப்பட்டவனைக் கேட்பதைவிடப் பணம் கொடுப்பவரைக் கேட்பது மேல் என்று இறகுப் பேனாக் காலத்திலேயே தெரிந்துபோயிற்று.

அதை முழுதாகச் செய்துகாட்டிய நாடுகளும் இருக்கின்றன. டென்மார்க்கில் 1988-லிருந்தே அரசு நிரப்பிய கணக்குத்தான் மக்கள் கைக்கு வருகிறது. ஸ்வீடனில் அப்படி வந்ததைப் பார்த்துச் சரியென்றால் ஒரு குறுஞ்செய்தியில் ஒப்புக்கொள்ளலாம். ஜப்பானில் ஆண்டுக் கடைசியில் வேலை கொடுத்தவரே கணக்கை நேர்செய்துவிடுவதால் சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் தாக்கல் செய்வதே இல்லை.

சரி, மற்ற இடங்களில் என்ன தடை? எளிமை என்றதும் ஒரே விகிதம் வையுங்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்று அடுக்கோ ஏழு அடுக்கோ, தொகை தெரிந்துவிட்டால் கணக்கு ஒரு நொடி வேலை. சிக்கலெல்லாம் அந்தத் தொகைக்கு வந்துசேர்வதில் இருக்கிறது. எது வருமானம், அதில் எதைக் கழிக்கலாம், எந்த ரசீது செல்லும், எதற்கு எது வரை உச்சவரம்பு? காப்பீட்டுக்கு ஒரு விலக்கு, வீட்டுக் கடனுக்கு ஒன்று, நன்கொடைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் யாரோ நல்லெண்ணத்தில் (அல்லது தேர்தலுக்கு முன்) சேர்த்ததுதான். ஆனால் ஒவ்வொன்றும் படிவத்தில் ஒரு வரி, பின்னிணைப்பில் ஒரு பக்கம், வீட்டு அலமாரியில் ஒரு கோப்பு. அதோடு, வருமானம் கூடியவருக்குத்தான் விலக்கால் மிச்சமும் கூடும். வரி வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு ஒன்றும் இல்லை. வீடு வாங்க உதவ வேண்டும் என்றால் பட்ஜெட்டில் வெளிப்படையாகத் தொகை ஒதுக்கி உதவுங்கள். விலக்குகளை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு அடிப்படை வரம்பை உயர்த்துங்கள்.

எடுத்துவிட்டு என்றுதான் சொன்னேன், பக்கத்தில் இன்னொன்று வைத்து என்று சொல்லவில்லை. இந்தியாவில் 2020-ல் விலக்குகள் குறைந்த புதிய முறை வந்தது, நல்ல யோசனை. பழைய முறையும் கூடவே நின்றது. எது லாபம் என்று பார்க்க இரண்டு தடவை கணக்குப் போட வேண்டியதாயிற்று, அவ்வளவுதான் எளிமை.

சிக்கலில் பிழைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2002-ல் வரி மென்பொருள் நிறுவனங்களோடு அரசு ஓர் ஒப்பந்தம் செய்தது: அவர்கள் குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாகத் தருவார்கள், அரசு தானே அப்படியொரு சேவையைத் தொடங்காது. அரசின் சொந்தச் சேவை 12 மாநிலங்களில் சோதனையாக வந்தது 2024-ல்தான், அதுவும் நிலைக்கவில்லை.

சொந்தத் தொழில் செய்பவர்கள் கதை வேறு, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் வரவு செலவு உங்களுக்குத் தானாகத் தெரியாது. சிறிய தொழில் என்றால் வரவில் ஒரு பங்கை லாபமாக வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு ஆடிட்டர் இருக்கிறார். சம்பளமும் கொஞ்சம் வட்டியும் மட்டும் உள்ள எங்களை ஏன் அதே வரிசையில் நிறுத்துகிறீர்கள்?

எங்களுக்கு நீங்களே கணக்குப் போட்டு ஒரு தாள் அனுப்புங்கள். ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் ஒப்புதல். அப்புறம், உங்கள் தாளில் விட்டுப்போன வருமானத்துக்கு வரியைக் கேளுங்கள், தருகிறேன், ஆனால் அபராதம் கேட்காதீர்கள். என்னிடம் கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பித் தரும்போதும், நான் தாமதித்தால் எந்த வட்டி போடுவீர்களோ அதே வட்டியைப் போட்டுத் தாருங்கள்.

இந்த வருடப் படிவத்தை நேற்று இரவு திறந்தேன். முதல் பக்கத்தில் பிறந்த தேதியைக் கேட்கிறது. அதைக் கொடுத்துத்தான் உள்ளேயே வந்தேன்.